இத்தினியூண்டு கொழா

அன்னிக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம். காரு பேனட்ட தொறந்து வச்சிகினு, ரெண்டு கையையும் இடுப்புல குத்திகினு, எங்க வூட்டுக்காரரு ஒரு சபதம் போட்டாரு.

“மாணிக்கம், நல்லா கேட்டுக்க. இந்த வண்டிய எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது. என்னா கோளாறுன்னு நானே கண்டுபுடிப்பேன். நானே சரி பண்ணுவேன். உங்கக்கா மவ கல்யாணத்தன்னிக்கு சேத்தியாத்தோப்புல மண்டபத்து வாசல்ல கொண்டுபோயி ஜம்முனு நிறுத்துவேன்.”

“ஆவட்டுங்க”ன்னேன். முந்தானையால வாய மூடிகினேன். சிரிப்ப அடக்க முடியல. கோளாறு பண்ணதே நானாச்சே!

அன்னிக்கு சிரிச்ச சிரிப்ப நெனச்சா இன்னிக்கு சோறு எறங்க மாட்டேங்குது. மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்கு புரியும்.

அவரு பேர நான் வாயால சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டுல பாத்தீங்கன்னா பெரியண்ணன்னு போட்டிருக்கும். நெலக்கரி மைன்ஸ்ல பதினாலு வருசம் கான்ட்ராக்ட்டு, அப்பறம் பர்மனென்ட்டு. பர்மனென்ட் ஆன அன்னிக்கு ஒரு கிலோ லட்டு வாங்கியாந்து, குவாட்டர்ஸ் குவாட்டர்ஸா குடுத்து முடிச்சிட்டு, கடைசில எனக்கு வெறும் டப்பாவ குடுத்தாரு. அத நான் இன்னும் மறக்கல. அது கெடக்கட்டும். மைன்ஸ்ல பக்கெட் வீலுன்னு ஒரு மெஷின் இருக்குது பாருங்க, மூணு மாடி ஒசரத்துக்கு சக்கரம் சுத்தி மண்ண வாருமே, அதுக்கு இவரு தான் டாக்டரு. ஒரு கம்பிய மெஷின் மேல வச்சி, இன்னொரு முனைய காதுல வச்சி, “மூணாவது பேரிங் போச்சுடா”ன்னு சொல்லுவாராம். பிரிச்சி பாத்தா மூணாவது பேரிங்கு தான் போயிருக்குமாம். அப்பேர்ப்பட்ட காது. ஒரு மொழம் தள்ளி குந்திகினு நான் கூப்புட்டா மட்டும் கேக்காது.

ரிட்டயர் ஆனதும் குவாட்டர்ஸ காலி பண்ணிட்டு டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளிய சின்னதா ஒரு வூடு கட்டுனோம். அந்த வூட்டுலருந்து தான் வம்பே ஆரம்பம். கிரகப்பிரவேசத்தன்னிக்கு பால் பொங்குது. எல்லாரும் கும்புட்டுகினு நிக்கிறாங்க. எங்கக்கா கொளஞ்சியம்மா, சேத்தியாத்தோப்பு பஸ் நிக்கிற எடத்துல பூக்கட வச்சிருக்கிறவ, அவ வாயில இருந்து வந்திச்சு பாருங்க ஒரு வார்த்த. “ஏண்டி, மைன்ஸுக்கு இம்மாங் கிட்டவா கட்டிப்புட்ட? நாளைக்கு இதையும் மெஷின் தின்னுடப் போவுது.”

பால் பொங்குற நேரத்துல! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சி போச்சு. அவ வச்சி குடுத்த பித்தள சொம்ப மறுநாளே சேத்தியாத்தோப்பு பஸ் கண்டக்டர் கையில குடுத்து, “பூக்கட கொளஞ்சியம்மா கிட்ட குடுத்துடு, எங்க வூட்டுல வைக்க எடமில்லன்னு சொல்லு”ன்னு அனுப்பிட்டேன். அந்த கண்டக்டரு சொம்போட சேத்து வார்த்தையையும் கொண்டுபோயி குடுத்துட்டான். நல்ல கண்டக்டரு. ஆறு வருசம் பேச்சு வார்த்த கெடையாது.

இப்ப ஆவணில அவ மவளுக்கு கல்யாணம். பத்திரிக்க வந்திச்சு. அவ வரல, அவ வூட்டுக்காரர மட்டும் அனுப்பியிருந்தா. பத்திரிக்கைக்கு காலு மொளச்சி வந்திருக்கு, எங்கக்காளுக்கு காலு இல்ல போலன்னு நெனச்சிகினேன். எங்க வூட்டுக்காரரு என்னை ஒரு வார்த்த கேக்காம, “குடும்பத்தோட கார்லயே வந்துடறோம் சகல”ன்னு சொல்லிட்டாரு. வரமாட்டேன்னு சொன்னா, “வீம்பு புடிச்சவ”ன்னு ஊரே சொல்லும். போனா என் ரோஷம் என்னாவறது? அப்பத்தான் அந்த கொழா ஞாபகத்துக்கு வந்திச்சு.

கொழா கத இதான். எங்க மவன் இளவழகன் பெங்களூருல புதுசா காரு வாங்கிகினு பழசக் கொண்டாந்து எங்க வூட்டுல விட்டான். டீசல் வண்டி. அதுல டர்போன்னு ஒன்னு இருக்குது. அடுப்புக்கு ஊதாங்கொழா மாதிரி இஞ்சினுக்கு அது. காத்த நல்லா ஊதுனா வண்டி எகிறும். ஊதலன்னா சமமான ரோட்ல ஓடும், மேட்ட கண்டா முக்கும். தை மாசம் குள்ளஞ்சாவடி கிட்ட அப்படித்தான் முக்கிச்சு. அங்க விஜயராஜ்னு ஒரு மெக்கானிக்கு. எங்க வூட்டுக்காரரு டீ குடிக்க போன நேரத்துல பேனட்ட தொறந்தான். “ஆயா, இங்க பாரு. கொத்தவரங்கா மொத்தத்துக்கு கருப்பா ஒரு ரப்பர் கொழா. இத்தினியூண்டு. இது கழண்டா டர்போ ஊதாது”ன்னு சொல்லி சொருவி விட்டான். டீ குடிச்சிட்டு வந்தவர் கிட்ட, “சரியாப் போச்சு தாத்தா”ன்னு மட்டும் சொன்னான். நானும் வாயத் தொறக்கல. பொம்பளைக்குன்னு ஒரு ரகசியம் இருந்தா எதுக்காவது ஒதவும்.

ஒதவிச்சு. பத்திரிக்க வந்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம, அவரு தூங்குற நேரமா பாத்து கொழாய உருவி ஓரமா விட்டுட்டேன். சாயங்காலம் ஒரு ஓட்டம் பாக்கலாம்னு கெளம்புனாரு. மேம்பாலத்துல ஏறுறோம். ர்ர்ர்ங்குது. பொவையா வருது. பின்னாடி புல்லுக்கட்ட வச்சிகினு ஒரு பெருசு டிவிஎஸ்ஸுல வந்துச்சு. எங்கள தாண்டி போயிடுச்சு. போவற போக்குல, “தள்ளணுமா அண்ணே?”ன்னு வேற கேட்டுச்சு.

வூட்டுக்கு வந்ததும் தான் அந்த சபதம்.

சபதம் போட்ட கையோட உள்ள போயி ஒரு செவப்பு டேக்க எடுத்தாந்து ஸ்டேரிங்ல மாட்டுனாரு. டேக்குன்னா தெரியுமில்ல? மைன்ஸ்ல மெஷினுக்குள்ள ஆள் எறங்குனா சுவிட்ச ஆப் பண்ணிட்டு ஒரு செவப்பு தகட மாட்டுவாங்க. ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ன்னு இருக்கும். கீழ மூணு வரி. பேரு. வேலை. தேதி. மாட்டுனவன் தான் கழட்டணும். பெரிய ஆபீசரே வந்தாலும் கையி வைக்கக்கூடாது. ஜெயராமன்னு ஒருத்தரு, ஷிப்ட் முடிஞ்சி பஸ்ஸு போயிடுமேன்னு அடுத்தவன் டேக்க கழட்டி சுவிட்ச போட்டுட்டாராம். மண்ணு போற பெல்ட்டு ஓடிடுச்சு. உள்ள இருந்த ஆளு துள்ளி குதிச்சி தப்பிச்சான், செருப்பு ஒன்னு மட்டும் போயிடுச்சு. அன்னியிலருந்து எங்க வூட்டுக்காரருக்கு டேக்குன்னா சாமி. எங்க வூட்டு மிக்ஸி ரிப்பேரானா அதுல டேக்கு. தண்ணி மோட்டாருல டேக்கு. ஒரு தபா பாத்ரூம் கொழாயில டேக்க மாட்டிட்டு பென்ஷன் ஆபீசுக்கு போயிட்டாரு. நான் மத்தியானம் வரைக்கும் பக்கத்து வூட்டுல குளிக்க வேண்டியதா போச்சு.

ஸ்டேரிங் டேக்குல, பேரு: பெரியண்ணன். வேலை: டர்போ காத்து கம்மி. எழுதி முடிச்சிட்டு, டார்ச்ச எடுத்துகினு பேனட்டுக்குள்ள ரொம்ப நேரம் குனிஞ்சி பாத்தாரு. நிமுந்தாரு. என்னை பாத்தாரு. டார்ச்ச அணைச்சாரு. உள்ள போயிட்டாரு.

மறுநாள்லருந்து வைத்தியம். மொதல்ல காத்து வடிகட்டிய கழட்டி தட்டுனாரு. கரண்டு எடுக்குற தெர்மல்லருந்து பறந்து வந்த சாம்பலு எல்லாம் என் காயப்போட்ட துணி மேல. அடுத்து சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவுற சோப்ப கரச்சி, காத்து போற பெரிய கொழாய்ங்க மேல எல்லாம் ஊத்தி, என்னை உள்ள குந்த வச்சி, “ஆக்சிலேட்டர மிதி”ன்னாரு. காத்து ஒழுவுனா அந்த எடத்துல நொர கட்டுமாம்.

பக்கத்து வூட்டு சோமசுந்தரம் சாரு மதிலு மேல எட்டிப் பாத்தாரு. அவரு தெர்மல்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. மைன்ஸ்காரருக்கும் தெர்மல்காரருக்கும் ஏழாம் பொருத்தம்.

“என்னா பெரியண்ணன், காருக்கு எண்ண தேச்சி குளியலா?”

“காத்து எங்க ஒழுவுதுன்னு பாக்கறேன் சார்.”

“காத்து, பிரஷரு எல்லாம் தெர்மல் சப்ஜெக்டு. உங்களுக்கு தோண்டத்தான தெரியும்?”

“நாங்க தோண்டிக் குடுக்கலன்னா நீங்க எத்த எரிப்பீங்க? உங்க மூக்கையா?”

“தள்ளுங்க, நான் பாக்கறேன்.” சாரு கேட்ட தொறந்துகினு வந்து குனிஞ்சாரு. சரியா அந்த கொழா பக்கம் கைய நீட்டுனாரு. எனக்கு உள்ள குந்திகினே வேர்த்துப் போச்சு.

எங்க வூட்டுக்காரரு பாஞ்சி வந்து கைய புடிச்சாரு. “தொடாத சார். டேக்கு இருக்குது.”

“டேக்கு ஸ்டேரிங்ல தான இருக்குது?”

“எங்க இருந்தாலும் டேக்கு டேக்கு தான்.”

சாரு மொணகிகினே போனாரு. தப்பிச்சோம்டா சாமின்னு எனக்கு மூச்சு வந்திச்சு. ஒரு தெர்மல்காரர கிட்ட விடாத வூட்டுக்காரரு கெடச்சது எம்புட்டு பாக்கியம்னு நெனச்சிகினேன். பாக்கியமாம் பாக்கியம்.

ரெண்டாவது வாரம் ஆன்லைன்ல ஒரு சின்ன டப்பா வாங்குனாரு. ஸ்டேரிங்குக்கு கீழ சொருவுனா போன்ல கோளாற காட்டுமாம். கண்ணாடிய போட்டுகினு ஒரு மணி நேரம் பாத்தாரு.

“என்னாங்க சொல்லுது?”

“பூஸ்ட்டு கம்மின்னு சொல்லுது.”

“அதான் டிவிஎஸ்ஸுல போன பெருசே சொல்லிச்சே. அதுக்கு ஒரு டப்பாவா?”

“காத்து கம்மின்னு இது சொல்லும். ஏன் கம்மின்னு ஆளு தான் சொல்லணும்.” சொல்லிட்டு என்னையே பாத்தாரு. “உனக்கு எதுனா தோணுதா மாணிக்கம்?”

“எனக்கு என்னா தோணும்? எனக்கு ரசத்துல புளி கம்மின்னா தெரியும். காத்து கம்மின்னா தெரியுமா?”

தெனமும் இதே கூத்து. மோர் கடையற மத்த எடுத்து இஞ்சின் மேல வச்சி காத வச்சி கேப்பாரு. மத்து பூரா கிரீசு. டார்ச்ச என் கையில குடுத்து, “தோ, அந்த மூலைல புடி. என்னா தெரிது?”ன்னு கேப்பாரு. கொழா எறங்கி தொங்கறது எனக்கு பளிச்சுனு தெரியும், நுனி மட்டும் இஞ்சினுக்கு பின்னாடி இருட்டுல. “ஒன்னும் தெரியலீங்க”ன்னு சொல்லுவேன். “நல்லா பாரு.” “நல்லா பாத்தாலும் தெரியலீங்க.” “சரி, நாளைக்கு பாக்கலாம்.” கைய கழுவிகினு டீ குடிக்க போயிடுவாரு.

ஒரு நாளு டீயக் குடிச்சிகினே சொன்னாரு, “முப்பத்தெட்டு வருசம் மெஷின் பேசறத கேட்டேன். இந்த வண்டி வாயத் தொறக்க மாட்டேங்குது மாணிக்கம்.” சொன்ன கொரலு ஒரு மாதிரி இருந்திச்சு. ஐயோ, மனுசன் தன் காது போயிட்டதுன்னு நெனச்சிகினு இருக்காரேன்னு எனக்கு பாவமா போச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சு. ஆனா ‘மெஷின் தின்னுடும்’னு எங்கக்கா சொன்னது காதுல கேட்டுச்சு. முழுங்கிட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு காலைல பாத்தா, வெள்ள வேட்டி வெள்ள சட்டையோட வந்து நிக்கிறாரு.

“கெளம்பு.”

“வண்டி தான் சரியாவலியே?”

“வண்டி ஓடலன்னா என்னா, பஸ்ஸு ஓடுதில்ல?”

மூணு வாரமா திட்டம் போட்ட நான், பஸ்ஸ மறந்தே போயிட்டேன் பாருங்க. வடலூர் போயி மாறுனா ஒரு மணி நேரத்துல சேத்தியாத்தோப்பு.

“கார வச்சிகினு பஸ்ஸுல போயி எறங்குனா எங்கக்கா கைகொட்டி சிரிப்பா. நான் வரல.”

“வரல?”

“வரல.”

கேட்டு வரைக்கும் போனவரு திரும்பி வந்தாரு. “வேணும்னா இன்னொரு தபா பேனட்ட தொறந்து பாக்கலாம். பத்தே நிமிஷம். கார்லயே போயிடலாம்.”

“மூணு வாரத்துல ஆவாதது பத்து நிமிஷத்துல ஆயிடுமா?”

“மனசு வச்சா ஆவும்.”

“நீங்க போங்க, முகூர்த்தம் போயிடும்.”

போயிட்டாரு. தனியா. முப்பத்தொம்போது வருசத்துல எந்த கல்யாணத்துக்கும் அவரு தனியா போனதில்ல. மொய்க்கவருல பேரு எழுதக்கூட நான் தான் நெனப்பு படுத்தணும். நான் வூட்டுல குந்திகினு மேளம் எப்ப அடிச்சிருப்பாங்க, தாலி எப்ப ஏறியிருக்கும்னு கடியாரத்தையே பாத்துகினு இருந்தேன். அந்த பொண்ணு மூணு மாசக் கொழந்தையா இருக்கறப்ப அவளுக்கு மொத மொட்ட அடிச்சது என் மடில. அழுதுகினே என் புதுச் சேலைய நனச்சிடுச்சு. அந்த சேலைய நான் ரெண்டு நாளு தொவைக்காம வச்சிருந்தேன்னு சொன்னா நம்புவீங்களா?

பொழுது சாயற நேரத்துல வந்தாரு. கையில ஒரு மஞ்சப்பை. பைக்குள்ள பித்தள சொம்பு. நான் கண்டக்டர் கிட்ட குடுத்தனுப்புன அதே சொம்பு. புளி போட்டு தேச்சி பளபளன்னு. வாய் வரைக்கும் அதிரசம்.

“என்னா சொன்னா?”

“நீ வரலியான்னு கேட்டா. வண்டி ரிப்பேருன்னு சொன்னேன்.”

“நம்புனாளா?”

“வண்டின்னா ரிப்பேராவறது தான், சரியானதும் வரட்டும்னு சொன்னா.” துண்ட ஒதறி தோள்ல போட்டாரு. “போட்டோ எடுக்கறப்ப அவ பக்கத்துல ஒரு சேர காலியாவே வச்சிருந்தா. யாருக்கும்மான்னு போட்டோக்காரன் கேட்டான். ‘எந் தங்கச்சி வந்துகினு இருக்கா, மேட்டுல வண்டி நிக்குது’ன்னு சொல்லிட்டா.”

நான் சொம்ப எடுத்து மடில வச்சிகினேன்.

“இன்னொன்னும் சொல்லச் சொன்னா. அன்னிக்கு பால் பொங்குறப்ப அவளுக்கு உங்க ஆத்தா வூடு ஞாபகம் வந்துடுச்சாம். மெஷின் வந்து அந்த வூட்ட எடுத்துகினு போனத நேர்ல பாத்தவ அவ. உன் வூட்டுக்கும் அப்படி ஆயிடக்கூடாதேன்னு பயந்துகினு வாயில வந்துடுச்சாம். சபிக்கலன்னு சொல்லச் சொன்னா.”

எங்க ஆத்தா வூடு இருந்த எடம் இப்ப மைன்ஸ்க்குள்ள எங்கியோ பள்ளம். எனக்கு அப்ப கல்யாணமாயி வந்துட்டதால நான் பாக்கல. அவ தான் வேப்பமரத்தடில நின்னு பாத்தா. ஆறு வருசமா இது என் மரமண்டைல ஏறல பாருங்க. ஒரு அதிரசத்த புட்டு வாயில வச்சேன். மிச்சத்த திரும்ப சொம்புலயே வச்சிட்டேன்.

காலைல அவரு நடக்க போன நேரம் பாத்து பேனட்ட தொறந்தேன். கொழாய சொருவிடணும். அவரு வந்ததும், “இன்னொரு தபா பாருங்களேன்”னு சொல்லணும். வண்டி ஓடிடும். அவரு காதுக்கும் மரியாத திரும்பிடும். என் திருட்டும் தெரியாம போயிடும். ரெண்டு பேருமா சேத்தியாத்தோப்புக்கு போயி, அக்கா கால்ல விழுந்துடலாம். இப்படி எல்லாம் கணக்கு போட்டுகினு அந்த மூலைல கைய விட்டேன்.

கொழா கையில மாட்டல. தகடு மாட்டிச்சு.

வெளிச்சத்துக்கு இழுத்து பாத்தேன். செவப்பு டேக்கு. அந்த கொழா நுனில சணல் கயித்தால கட்டி தொங்குது. அவரு கையெழுத்து, குண்டு குண்டா.

ஆள் வேலை செய்கிறார், தொடாதே.

பேரு: மாணிக்கம்மாள்.

வேலை: வீம்பு.

தேதி பாத்தேன். நான் கழட்டுன அதே ஞாயித்துக்கெழம.

அப்படியே நின்னுகினு இருக்கேன். பின்னாடி கேட்டு தொறக்குற சத்தம். திரும்புனா, நடக்கப் போனவரு வெள்ள வேட்டி சட்டையோட வந்து நிக்கிறாரு. கையில கார் சாவி.

“என்னா மாணிக்கம், ஷிப்ட் முடிஞ்சிதா?”